ப்ரோ என்று கூப்பிட்ட ஊர்

போன மாதம் ரத்னா கஃபே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பையன், "ப்ரோ, கொஞ்சம் வழி விடுங்க" என்றான். எனக்கு அறுபத்தாறு வயது. திடுக்கிட்டுத் திரும்பி, "ரோலர் போட்டாச்சா?" என்று கேட்கப் போனேன். நல்லவேளை, வாய் திறப்பதற்குள் சாம்பார் வாசனை வந்து, இருப்பது திருவல்லிக்கேணி என்று ஞாபகப்படுத்திவிட்டது.

சென்னையில் இன்று ஆட்டோக்காரர் ப்ரோ, சாப்பாடு கொண்டுவருகிற பையன் ப்ரோ, பெற்ற அப்பாவும் சில வீடுகளில் ப்ரோ. எனக்கு அந்தச் சொல் வேறு. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன மில் ஊரில், 1986 முதல் 1996 வரை பதினொரு கோடைக்காலம், என் பெயரே அதுதான். அங்கே கிளப் அணியில் பத்துப் பேர் பிளம்பர், தபால்காரர், பள்ளி வாத்தியார், மாணவன் என்று வேலைவெட்டி உள்ளவர்கள்; சனி, ஞாயிறு ஆசைக்கு ஆடுகிறவர்கள். பதினொன்றாவது ஆள் மட்டும் கூலிக்கு வந்தவன். அவன்தான் ப்ரோ, ‘ப்ரொஃபஷனல்’ என்பதன் சுருக்கம். தலைவர் முதல் எட்டு வயதுப் பையன் வரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். என் பெயர் அவர்கள் நாக்குக்கு நீளம், அதனால் எனக்கும் வசதியாகவே இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது பார்த்தசாரதி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு சந்தில். அகலம் பத்தடி இருந்தால் அதிகம். வேகமாகப் போட வேண்டுமென்றால் ஓடி வர இடம் வேண்டும். ஓடி வந்தால் சந்து முடிந்து தெருவில் ரிக்‌ஷாவுக்கு நடுவில் நிற்போம். ஆகவே எங்கள் சந்தில் எல்லோரும் ஸ்பின்னர்கள். நேராக அடித்தால்தான் ரன். பக்கவாட்டில் அடித்தால் திண்ணை தாண்டி உள்ளே போய்விடும், பந்து திரும்பாது. இதெல்லாம் பயிற்சி என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1975 பொங்கல் டெஸ்டுக்கு எனக்குப் பதினைந்து வயது. வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்து இந்தியாவை 190 ரன்னில் சுருட்டினார்; அதில் விஸ்வநாத் மட்டும் அவுட்டாகாமல் 97. எல்லோரும் அந்த 97-ஐப் பற்றியே பேசினார்கள். நான் பார்த்தது பிரசன்னாவையும் பேடியையும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் வெங்கட்ராகவன் டெர்பிஷயருக்கு ஆடிக்கொண்டிருந்தார், 1973 முதல் 1975 வரை. இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஒரு மாவட்டத்துக்கு ஆடி, அதற்குச் சம்பளம் வாங்கலாம் என்பது பேப்பரில் வரும் பொடி எழுத்து ஸ்கோரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா நம்பவில்லை. "கிரிக்கெட்டுக்கு யாராவது சம்பளம் கொடுப்பானா? பேங்க் வேலைக்குப் படி" என்றார்.

பேங்க் வேலையே கிரிக்கெட்டால்தான் கிடைத்தது என்பது அப்புறம் நடந்த கூத்து. அந்தக் காலத்தில் மெட்ராஸ் லீக்கை நடத்தியது வங்கிகளும் ரயில்வேயும் கம்பெனிகளும்தான். கீழ் டிவிஷன் ஆட்டமெல்லாம் கயிற்றுப் பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில். மெரினா மைதானத்திலும் தி. நகர் சோமசுந்தரம் மைதானத்திலும் காலையில் போய் நாமே பாயைச் சுமந்து, விரித்து, ஆணி அடிக்க வேண்டும். பாயைத் தளர்வாக விட்டால் பந்து கடித்துத் திரும்பும். விறைப்பாக இழுத்தால் எகிறும். டாஸ் ஜெயிப்பதைவிட ஆணி அடிக்கிறவன் யார் என்பது முக்கியம். அந்தப் பாயில் நான் ராஜா. பந்தை மேலே தூக்கிப் போட்டால் போதும், மிச்சத்தைப் பாய் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வங்கி என்னை எடுத்துக்கொண்டது. மதியம் வரை லெட்ஜர், அப்புறம் நெட்ஸ். ரஞ்சியில் ஆறு ஆட்டம் ஆடினேன். அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. திறக்காததில் அநியாயம் எதுவும் இல்லை. வாசுதேவன், சிவராமகிருஷ்ணன், வெங்கடரமணா என்று ஒரு வாசலில் அத்தனை ஸ்பின்னர்கள். 1988-இல் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வாங்கியபோது நான் சேப்பாக்கத்தில் காலரியில் உட்கார்ந்து கைதட்டினேன். மனசார.

இங்கிலாந்து வாய்ப்பு லீக்கில் எனக்கு மூத்தவர் ஒருவர் மூலமாக வந்தது. அவர் ஒரு கோடை அங்கே ஆடிவிட்டு, முழங்கால் போய், அடுத்த வருஷத்துக்கு என் பெயரைச் சொல்லியிருந்தார். கிளப் செயலாளர் கையால் எழுதிய கடிதம் வந்தது: விமான டிக்கெட், தங்க ஒரு அறை, கோடை முழுக்க 2,000 பவுண்டு. ஒரு பவுண்டு பதினெட்டு, பத்தொன்பது ரூபாய் விற்ற காலம். அக்கா கல்யாணக் கடன் இருந்தது. வங்கியில் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். மேலதிகாரி கொடுத்தார், கூடவே, "பதவி உயர்வு லிஸ்ட் வரும்போது என்னைக் கேட்கக்கூடாது" என்றும் சொன்னார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பதினொரு வருஷமும்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மான்செஸ்டரில் இறங்கினேன். மறுநாள் காலை கிளப் தலைவர் மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு ரோலரைக் காட்டினார். பார்ப்பதற்காகக் காட்டுகிறார் என்று நினைத்தேன். இழுப்பதற்காகக் காட்டினார். ஒப்பந்தத்தில் பின்பக்கம் இருந்தது: விக்கெட் தயார் செய்ய உதவுதல், மழை வந்தால் கவர் போடுதல், செவ்வாய், வியாழன் சாயங்காலம் பையன்களுக்குப் பயிற்சி. நான் முன்பக்கத்தை மட்டும் படித்திருந்தேன்.

முதல் ஆட்டம். 14 ஓவர், 71 ரன், விக்கெட் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் ஒன்று. மூன்றாவதில் மறுபடி இல்லை. மெட்ராஸில் கடித்து எகிறுகிற பந்து அங்கே தரையில் விழுந்து உட்கார்ந்துவிட்டது. பேட்ஸ்மேன் காத்திருந்து, கொஞ்சம் யோசித்து, காற்று வீசுகிற பக்கமாகத் தூக்கி அடித்தான். சின்ன மைதானம், வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேயும். ஆஃப் ஸ்பின்னருக்குத் தொழில் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. அந்தக் குளிரில் விரல் எங்கே முடிகிறது, பந்துத் தையல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. பந்து கையைவிட்டு நழுவும், அல்லது நழுவாமல் காலடியில் விழும்.

என்னைக் காப்பாற்றியவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்ட கிழவர். நெசவு மில்லில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு திங்கட்கிழமை என்னை நடு பிட்சுக்குக் கூட்டிப்போய்க் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. "இதில் நீ தூக்கிப் போட்டால் அவனுக்கு டீ குடித்துவிட்டு வந்து அடிக்க நேரம் இருக்கும்" என்றார். பிறகு ஒரு துண்டை விக்கெட்டுக்கு முன்னால், பேட்ஸ்மேனின் முன்கால் வந்து விழுகிற இடத்தில் விரித்து, "இதில் வேகமாகப் போடு" என்றார். ஒரு வாரம் முழுக்க அந்தத் துண்டு. பாயில் கற்ற ஃப்ளைட்டையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தட்டையாக, காலை நோக்கி, தையலை நிமிர்த்திப் போடப் பழகினேன். எப்போதாவது ஒன்று திரும்பும், எப்போதாவது ஒன்று நேராகப் போகும். எது எது என்று எனக்கே தெரியாதபோது பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? ஜூன் மாதம் விக்கெட் காய்ந்ததும் பழைய ஃப்ளைட்டை மெதுவாக வெளியே எடுத்தேன்.

ஓவருக்கு ஓவர் கால்சட்டைப் பையில் கையை விட்டு ஒரு வெந்நீர்ப் பையைத் தொட்டுக்கொள்வேன். அதற்கு உறை தைத்துக் கொடுத்தது கிழவரின் மனைவி. ஈரப் பந்துக்கு மரத்தூள், துடைக்கத் துண்டு. மெட்ராஸில் வியர்வைக்குத் துண்டு, அங்கே மழைக்குத் துண்டு.

இந்த வேலை என்னவென்று எனக்கு உறைத்தது மைதானத்தில் இல்லை, பாரில். தோற்ற அன்று ப்ரோ வீட்டுக்கு ஓடக்கூடாது. கிளப்பின் பாரில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். நான் ஆரஞ்சு ஜூஸ் டம்ளரோடு நிற்பேன். மூன்றாவது ஆட்டம் தோற்ற சாயங்காலம் ஒரு பெரியவர் வந்து பீர் டம்ளரை என் முன்னால் வைத்தார். "இதில் நாலணா உனக்குப் போகிறது, தெரியுமா?" என்கிற பொருளில் ஏதோ சொன்னார். திட்டவில்லை. கணக்குச் சொன்னார். டிக்கெட் காசு, பார் வருமானம், மாதர் குழு விற்கிற சாண்ட்விச், லாட்டரிச் சீட்டு எல்லாம் சேர்ந்ததுதான் என் 2,000 பவுண்டு. மெட்ராஸில் எனக்குச் சம்பளம் கொடுத்த வங்கிக்கு நான் விக்கெட் எடுத்தேனா என்பது மறுநாள் பேப்பர் பார்த்தால்தான் தெரியும். பேப்பர் பார்க்காவிட்டாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். இங்கே முதலாளி எதிரில் நின்று பீர் குடிக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பேட்ஸ்மேன் ஐம்பது அடித்தாலோ, பௌலர் ஐந்து விக்கெட் எடுத்தாலோ, ஒரு பையன் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவான். ஆளுக்குக் கையில் இருக்கிற சில்லறையைப் போடுவார்கள். கோயில் உண்டியல் மாதிரிதான், சாமிக்கு உடனே கண் தெரிந்துவிடும் என்பது ஒன்றே வித்தியாசம். ஜூன் கடைசியில் எனக்கு முதல் ஐந்து விக்கெட். அறைக்கு வந்து கட்டிலில் கொட்டி எண்ணினேன். 38 பவுண்டும் சில பென்னியும், நடுவில் ஒரு சட்டைப் பொத்தானும். அதில் பாதி பாரில் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது மரபு. பொத்தானை இன்னும் வைத்திருக்கிறேன். வாளியில் பீர்க்காரப் பெரியவர் ஒரு ஐந்து பவுண்டு நோட்டு போட்டாராம், யாரோ சொன்னார்கள்.

நான் ஆடியது பெயர் பெற்ற லங்காஷயர் லீக்கில் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. ஆனால் அக்கம்பக்கத்தில் எங்கே போனாலும் அந்த லீக்கின் பெரிய பெயர்கள் காதில் விழும். நெல்சன் கிளப்புக்கு 1929-இல் டிரினிடாடிலிருந்து வந்த லியரி கான்ஸ்டன்டைன் ஒன்பது கோடை ஆடினார். அந்த மில் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு கறுப்பரைப் பக்கத்தில் பார்த்ததில்லை. பின்னாளில் அவர் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். அமர்நாத்தும் கபில்தேவும் அதே கிளப்புக்கு ஆடியவர்கள். நான் மெட்ராஸ் என்று சொன்னதும் ஒரு வயதான ஸ்கோரர், "மங்கட் ஊரா?" என்றார். வினு மங்கட் ஜாம்நகர்க்காரர் என்று நான் விளக்கவில்லை. ஏனென்றால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில்தான் மங்கட் 8 விக்கெட்டும் 4 விக்கெட்டுமாக எடுத்து, இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷக் கோடையில் இந்திய அணியில் இடம் நிச்சயம் என்று வாரியம் சொல்லாததால் ஹாஸ்லிங்டன் கிளப்புக்கு ப்ரோவாகப் போய்விட்டார். முதல் டெஸ்டில் தோற்ற இந்தியா, கிளப்பிடம் கேட்டு அவரை லார்ட்ஸுக்கு வாங்கியது. 72 ரன், 73 ஓவர் வீசி 5 விக்கெட், மறுபடி 184 ரன். இந்தியா அந்த ஆட்டத்திலும் தோற்றது. தனி ஆளாக அவ்வளவு செய்தவரை அன்று தோற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. வாரம் தவறாமல் சனி, ஞாயிறு எல்லாவற்றையும் தானே செய்து பழகிய ப்ரோவின் ஆட்டம் அது என்பது என் அபிப்பிராயம்.

1987-இல் விவியன் ரிச்சர்ட்ஸ் ரிஷ்டன் கிளப்புக்கு ஆட வந்தார். எங்களுக்கு ஆட்டம் இல்லாத ஒரு நாள் பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். மழை. பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

முதல் கோடை முடிந்து 1986 செப்டம்பரில் மீனம்பாக்கத்தில் இறங்கியபோது சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்து வாந்தி எடுத்து 210 அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கடைசி நாள் நான் காலரியில். ஐந்து மாதம் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கியவன், வெறும் சட்டை ஒட்டிக்கொள்கிற புழுக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே கிரெக் மாத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆஃப் ஸ்பின் வீசுகிறார்! சுற்றி இருந்தவர்கள் பைத்தியம் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் மதியம் முழுக்க ஒரே முனையிலிருந்து விடாமல் போட்டார். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து. கடைசியில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ, இந்தியா 347, டை. வேற்று ஊரில் விரல் தேயத் தேயப் போடுவது என்ன என்று அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் அறிந்தவன் என்கிற கர்வம் அன்று இருந்தது. இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இதே கதையின் மறுபக்கம் எங்கள் லீக்கிலேயே நடந்துகொண்டிருந்தது. டிரினிடாடில் பிறந்த ராபின் சிங் எண்பதுகளில் மெட்ராஸுக்கு வந்து, இங்கே படித்து, இங்கே ஆடினார். அவரைப் போல ஃபீல்டிங்கில் விழுந்து எழுந்தவனை அதுவரை நான் இந்த ஊரில் பார்க்கவில்லை. நாங்களெல்லாம் சட்டை அழுக்காகாமல் ஃபீல்டிங் செய்த பரம்பரை. 1989-இல் இந்தியாவுக்காக அவர் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியது பிறந்த தீவிலேயே. பிறகு ஏழு வருஷம் கூப்பிடவே இல்லை. அந்த ஏழு வருஷமும் எங்கள் லீக்கிலும் ரஞ்சியிலும் அதே மாதிரி விழுந்து எழுந்துகொண்டுதான் இருந்தார். 136 ஒருநாள் ஆட்டத்தில் முடித்தார். வந்தேறி ஆட்டக்காரனுக்கு உள்ளூர்க்காரனைவிட ஒரு கேட்ச் அதிகமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நான் அங்கே பிடித்தேன், அவர் இங்கே பிடித்தார்.

தொண்ணூறுகளில் அங்கே என் மில் ஊர் மாறத் தொடங்கியது. நான் போனபோது இரண்டு மில் ஓடியது. 1992-இல் ஒன்று கூட இல்லை. சனிக்கிழமைக் கூட்டம் இருநூறிலிருந்து அறுபதானது. வாளியில் விழும் சத்தம் மாறியது எனக்குக் காதிலேயே தெரிந்தது. ஒரு செப்டம்பர் கடைசித் தவணையைக் கொடுக்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் போனதும் முதல் நாளே செயலாளர் உறையில் போட்டுக் கொடுத்தார், கண்ணைப் பார்க்காமல். 1996-இல் அவர்களால் முடியவில்லை, எனக்கும் தோள் முடியவில்லை. அந்த வருஷம் இங்கே பெரம்பூரில் பின்னி மில்லும் மூடியது. லங்காஷயர் துணியை விட்டுவிட்டுக் கதர் கட்டச் சொன்ன காந்தியை 1931-இல் டார்வென் மில் பெண்கள் கையைத் தூக்கி ஆரவாரம் செய்து வரவேற்ற படம் பார்த்திருப்பீர்கள். அறுபத்தைந்து வருஷத்தில் இரண்டு பக்கத்துத் தறியும் நின்றுவிட்டது. மில்லை நம்பி இருந்த கிரிக்கெட் மட்டும் நிற்காமல் எப்படி இருக்கும்?

பதினொரு கோடையில் 702 விக்கெட். ரஞ்சியில் 13. வங்கியில் நான் ஓய்வு பெற்ற அன்று பேசியவர், "லண்டனில் கிரிக்கெட் ஆடிய நம் நண்பர்" என்றார். லண்டனில் நான் விமானம் மாறியிருக்கிறேன்.

2008-இல் ஐபிஎல் வந்த பிறகு என்னிடம் வந்து, "இங்கிலாந்து கிளப் கிடைக்குமா அங்கிள்?" என்று கேட்கிற பையன்கள் குறைந்துவிட்டார்கள். ஏப்ரல், மே இங்கேயே சீசன். ஆடாவிட்டாலும் நெட் பௌலராக ஒட்டிக்கொள்ளலாம்; அப்படி ஆஸ்திரேலியாவுக்கு நெட் பௌலராகப் போன சின்னப்பம்பட்டி நடராஜன் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகித் திரும்பி வந்தாரே. மேலும் அங்கே சம்பளத்துக்கு ஆட விசா வேண்டுமானால் சமீபத்தில் முதல்தர ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள். ஆறு ரஞ்சி ஆட்டத்தோடு நின்ற என் மாதிரி ஆளுக்கு இன்று கதவே இல்லை. அஸ்வின் மாதிரி ஆளுக்கு எப்போதும் உண்டு. 2021 ஜூலையில் ஓவலில் சர்ரேக்காக அவர் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து சாமர்செட்டை 69-இல் கவிழ்த்ததைக் கைபேசியில் பார்த்தேன். புதுப் பந்தோடு ஆரம்பித்த ஆஃப் ஸ்பின்னர்! கிழவர் விரித்த துண்டு ஞாபகம் வந்தது.

இன்றைய பையன்கள் எங்களைவிடத் திறமைசாலிகள், சந்தேகமே இல்லை. எங்களுக்குத் தெரியாத நாலு வகைப் பந்து அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. டிவி என்கிறார்கள், விளம்பரம் என்கிறார்கள். அந்த முகத்தை அவர்கள் பார்த்ததில்லை. தோற்ற அன்று அதன் எதிரில் ஒரு மணி நேரம் நின்றதும் இல்லை.

என் கிளப் இன்னும் இருக்கிறது. தலைவரின் மகன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எழுதுவார். போன வருஷம் ப்ரோ இல்லாமல் ஆடினார்களாம், இந்த வருஷமும் பணம் இல்லையாம். ரோலரை யார் இழுக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.